இரண்டு பாட்டில்கள்

அறுவை முடிந்ததும் என் கையில் இரண்டு பாட்டில்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் அக்காவின் பித்தப்பையில் கிடந்த கற்கள். பதினொன்று, புளியங்கொட்டை நிறத்தில். மற்றொன்றில் ஃபார்மலினில் அமிழ்ந்த பித்தப்பை. கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பையை லேபில் சேர்க்க வேண்டும். பாட்னாவின் அசோக் ராஜ்பத் நெரிசலில், ஆட்டோவில், அந்த இரண்டாவது பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.

கல்லுக்கான ஆபரேஷன்தான். வேறு எதையும் யாரும் சந்தேகப்படவில்லை.

*

ரிப்போர்ட் வர எட்டு நாள் ஆனது. புற்று இருந்தது. தசையைத் தாண்டியிருந்தது.

அன்றிரவு அக்கா கேட்டாள்: "அழுதா கட்டி வளருமாடா? எல்லாரும் தைரியமா இரு, தைரியம்தான் பாதி மருந்துங்கறாங்களே."

"இல்லக்கா. அது ஏற்கெனவே எவ்வளவு தூரம் போயிருக்கோ, அதுதான் கணக்கு. நீ அழு."

அழுதாள். பிறகு தூங்கினாள்.

*

கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. கொள்ளளவு ஏறக்குறைய 50 மில்லி. நல்ல நிலையில் அதன் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. குடலின் சுவரில் உள்ளதைப் போன்ற இடையடுக்கு இதில் கிடையாது. கல்லீரலோடு ஒட்டிய பக்கத்தில் மேலுறையும் இல்லை. உள்ளே முளைத்தது வெளியே வரத் தடுப்பு என்று அதிகம் கிடையாது.

எல்லாமே புற்றின் ஆழத்தைப் பொறுத்தது. உள்தோலோடு நின்றிருந்தால் பையை எடுத்ததே வைத்தியம். கிட்டத்தட்ட எல்லோரும் பிழைக்கிறார்கள். தசையைத் தாண்டியிருந்தால் மறுபடி வயிற்றைத் திறந்து, பை ஒட்டியிருந்த இடத்தில் கல்லீரலைக் கொஞ்சம் வெட்டி, பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். முடிவு நம்பும்படி இருக்கக் குறைந்தது ஆறு கணுக்களாவது பார்க்கப்பட வேண்டும். தாண்டியது கல்லீரல் பக்கமா, வயிற்றறைப் பக்கமா என்பதையும் இப்போது தனியாகக் குறிக்கிறார்கள். கல்லீரல் பக்கம் என்றால் நம்பிக்கை குறைவு. கணுக்களில் ஏறியிருந்தால் இன்னும் குறைவு. முதல் அறுவையில் பை கிழிந்து பித்தநீர் வயிற்றுக்குள் சிந்தியிருந்தால் அதுவும் பாதகம்.

அக்காவுக்கு ஏழு கணுக்கள் எடுத்தார்கள். ஏழிலும் ஒன்றுமில்லை.

*

தஞ்சாவூரில் பிறந்தவள். அத்தானின் வேலையால் முப்பது வருஷமாகக் கங்கைக் கரை. இந்த நோய் தென்னாட்டில் அரிது. உத்தரப் பிரதேசம், பீகார், அஸ்ஸாம் என்று வடக்கிலும் வடகிழக்கிலும்தான் மிகுதி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆனால் கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் இது வருகிறது. டைஃபாய்டு கிருமி பித்தப்பையில் வருஷக்கணக்கில் குடியிருப்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். உலகின் மறுகோடியில் சிலி நாட்டிலும் இதே துயரம், குறிப்பாக மாபுசே பழங்குடிப் பெண்களிடம். அங்கே 35 முதல் 49 வயதுக்குள் பித்தப்பைக் கல் கண்டால், புற்று வராமல் தடுக்க அறுவைக்கு 2006 முதல் அரசே பொறுப்பேற்கிறது.

*

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் சமஸ்திபூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. அவருக்கும் இதே நோய். கண், நகம் எல்லாம் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. காமாலையோடு வருகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் அறுவைக்கு வழி இருக்கிறது. அவருக்கு இல்லை. அடைத்த பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கீமோ சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமில் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தார்களாம். மகள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினாள். கற்கள். பத்திரமாக வைத்திருந்தார்கள். ஃபைலை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். மருந்துச் சீட்டு இருந்தது, ஸ்கேன் இருந்தது, பணம் கட்டிய ரசீது இருந்தது. பையைச் சோதித்த ரிப்போர்ட் இல்லை. மறுபடி கடைசியிலிருந்து புரட்டினேன்.

அன்றைக்குப் புற்றின் ஆழம் எவ்வளவு இருந்திருக்கும்? அந்தப் பையோடு அதற்கான பதிலும் போய்விட்டது.

*

கீமோ என்ன தரும் என்று தேடிப் படித்தேன். டெல்லி எய்ம்ஸில் இந்த நோய் வந்து அறுவைக்கு வழியில்லாத 81 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. வெறும் ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களின் ஆயுளில் நடு எண் நாலரை மாதம். ஜெம்சைட்டபின், ஆக்ஸாலிபிளாட்டின் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஒன்பதரை. நடு எண் என்றால் பாதிப்பேர் அதற்கு முன்பே போனார்கள், பாதிப்பேர் அதற்குப் பின்னும் இருந்தார்கள். அதற்கு மேல் அது எந்த ஒருவரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

ஐந்து மாத வித்தியாசம். சென்னையில் இருந்து படித்திருந்தால் சின்ன எண் என்று கடந்துபோயிருப்பேன். ஆற்றில் நின்று சூரியனை வணங்கும் சத் பூஜை பீகாரில் கார்த்திகை மாதத்திலும் சைத்ர மாதத்திலும் வரும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஐந்து மாதம். கோதுமை விதைத்து அறுக்கும் காலம்.

அந்த அம்மா டாக்டரிடம் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. "சத் பூஜைக்கு ஆற்றில் நிற்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அப்போது ஆவணி. டாக்டர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கீமோ தேதிகளை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றி எழுதினார்.

நின்றார். மகள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் தண்ணீரில், அஸ்தமனச் சூரியனுக்கும் மறுநாள் உதயச் சூரியனுக்கும். மகள்தான் ஃபோனில் சொன்னாள். மாசியில் போய்விட்டார்.

*

அக்காவுக்கு இது நாலாவது வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அந்த வாரம் மட்டும் யாரோடும் பேச மாட்டாள்.

யாருக்காவது பித்தப்பை ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் ஃபோன் செய்கிறேன். போன வாரம் ஒரு மாமி. நலம் விசாரித்தேன்.

"நன்னா ஆயிடுத்துப்பா. கல்லைக்கூடக் குடுத்துட்டா, பத்திரமா வெச்சிருக்கேன்."

"பையை லேபுக்கு அனுப்பினாங்களா மாமி? ரிப்போர்ட் வந்துதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஃபைலைத் தேடப் போனார்.