உண்ணியின் உயிரும் நாயின் இரத்தமும்

வளர்ப்பு நாயின் மேல் ஏறிய உண்ணியைக் கொல்வது பாவமா என்ற கேள்வி கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணாம் வட்டாரத் தோட்டப்புறங்களில் பழையது. நாய் பைரவரின் வாகனம், அதை அடிக்கவோ பட்டினி போடவோ கூடாது என்பது லயத்து வீடுகளில் ஊறிய நம்பிக்கை. விரத நாளில் எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பவர்களும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் நாயின் காதுமடலைப் புரட்டிப் பார்க்கும்போது இரண்டு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நாயைக் காக்க வேண்டும், கொல்லவும் கூடாது.

தமிழ் மரபு உண்ணியை உயிரில்லாத அழுக்காகக் கருதியதில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று தொடங்கும் தொல்காப்பிய மரபியல் எறும்பையும் கறையானையும் மூவறிவு உயிர்களில் வைக்கிறது. சமணமும் இத்தகைய சிற்றுயிர்களை மூன்று புலன் உடையனவாகவே எண்ணுகிறது. வள்ளுவர் கொல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது உயிரின் உருவ அளவைப் பார்த்து விலக்குத் தரவில்லை. ஆகவே, பூச்சிதானே என்று நசுக்கிவிட்டுப் போவது இந்த மரபுக்குப் பொருந்தாது.

ஆனால் உண்ணியை விட்டுவைப்பவர் யாருடைய செலவில் இரக்கம் காட்டுகிறார் என்பதையும் கேட்க வேண்டும். பருந்துக்குத் தப்பிவந்த புறாவுக்காகச் சிபி தன் தொடையை அறுத்துக் கொடுத்தான். பருந்தின் பசியையும் அவன் மறுக்கவில்லை, அதற்கு ஈடாகத் தன் சதையைத்தான் வைத்தான். உண்ணி மேல் பரிவுகொண்டு அதை அப்படியே விடுபவரோ தன் இரத்தத்தைத் தருவதில்லை. வாயில்லாத நாயின் இரத்தத்தைத் தருகிறார். மகாபாரதத்தின் இறுதியில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்று தருமன் நின்றான். வாசலில் கட்டிச் சோறு போட்ட நாயும் அப்படி அடைக்கலமாக வந்ததுதான். அதன் உடலைக் காக்கும் பொறுப்பு வளர்த்தவரைச் சேர்ந்தது.

அந்த இரத்தத்தின் விலை சிறியதல்ல. நாய்களில் பெருவாரியாகக் காணப்படும் பழுப்பு உண்ணிக்கு வெப்பமும் ஈரமும் உகந்தவை. சிலாங்கூரில் குளிர்காலம் இல்லாததால் ஆண்டு முழுவதும் அது பெருகும். வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி, ஆமணக்கு முத்துப்போல் உப்பிச் சாம்பல் நிறமாகித் தானாகவே உதிரும். பிறகு சுவரில் ஏறிப் பலகை இடுக்கிலோ சிமெண்டு வெடிப்பிலோ புகுந்து 4000 வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சுகள் நாயைத் தேடும். எர்லிக்கியா, பபீசியா என்னும் நோய்க்கிருமிகளை உண்ணிகள் நாயின் இரத்தத்தில் சேர்க்கின்றன. காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், கறுத்த சிறுநீர் என்று தொடங்கும் நோய் கவனிக்காவிட்டால் சாவில் முடியலாம்.

எனவே பிடுங்கிய உண்ணியை உயிரோடு புல்லில் எறிவது கருணையாகாது. அது அடுத்த வீட்டு நாய்க்கோ தெருநாய்க்கோ போய்ச் சேரும். இப்படிப் பொறுப்பில்லாத இரக்கம் முன்பும் விவாதிக்கப்பட்டதுண்டு. 1926இல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் வெறிநாய்க்கடிக்கு அஞ்சி 60 நாய்களைக் கொல்லச் செய்தார். காந்தி அதை ஆதரித்து ‘யங் இந்தியா’வில் எழுதியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நாய்களைக் கொன்ற முடிவை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தடுப்பூசியும் கருத்தடையும் அதைவிட நல்ல வழிகள். ஆயினும் காந்தியின் வாதத்தில் ஒரு பகுதி இங்கே பொருந்தும். பொறுப்பேற்காமல் தெருநாய்க்குச் சோறு போடுவது பொய்யான தயை என்றார் அவர். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயரும்போது விட்டுச்செல்லப்படும் நாய்கள் உண்ணியோடு அலைவதும் பொறுப்பைக் கைவிட்டதன் விளைவே.

சமணம் இல்லறத்தாருக்கு ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. வேண்டுமென்றே செய்யும் கொலை முற்றிலும் விலக்கு. தாக்குதலைத் தடுக்கையில் நேரும் கொலை குற்றமே என்றாலும் இல்லறத்தார் அதை முழுவதும் தவிர்க்க முடியாது. பௌத்தம் செயலின் பின்னுள்ள எண்ணத்தை அளக்கிறது. இரண்டின்படியும், வெறுப்பில் நகத்தால் நசுக்குவதும் நாயைக் காக்க வேறு வழியின்றி அகற்றுவதும் ஒன்றல்ல. கொல்ல வேண்டிய தேவையையே குறைப்பதுதான் கொல்லாமைக்கு மிக அருகில் இருக்கிறது. முட்டையிடும் முன் ஓர் உண்ணியை நீக்கினால் பின்னால் ஆயிரக்கணக்கானவற்றைக் கொல்ல நேராது.

பலகை இடுக்குகளை அடைப்பது, நாய் படுக்கும் சாக்கை அடிக்கடி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவது, வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டிவைப்பது ஆகியவை உண்ணிக்கு இடமே தராத வழிகள். நாள்தோறும் காது, கழுத்து, கால்விரல் இடுக்கு, அக்குள் ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சி, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு கூடாது. துன்புறும் உண்ணி தன் வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். எடுத்ததைச் சாராயத்தில் போட்டால் பரவாது. கடித்த இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்துக் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ தரும் மாத்திரைகளும், பிடரியில் விடும் சொட்டு மருந்தும், கழுத்துப்பட்டையும் கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும். மாத்திரை கொடுத்தால் உண்ணி நாயைக் கடித்த பிறகே சாகும். இதை மறைக்காமல் ஏற்பதே நேர்மை. செம்பனைக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றினால் அது நாயையே கொல்லக்கூடும். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சு. பூனையும் வளரும் வீட்டில் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு மருந்து வாங்க வேண்டும்.