உத்தியோகம் புருஷ லக்ஷணம்

‘உத்தியோகம் புருஷ லக்ஷணம்’ என்று நம் வீடுகளில் வழங்கும் வாசகம், சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவரை ஒருவனுக்குப் பூமாலையாக இருந்து, பெயர் நீங்கிய மறுநாளே சாட்டையாக மாறிவிடுகிறது. எங்கள் தெருவில் கணக்கர் ஒருவர், கம்பெனியில் ஆட்குறைப்பு நேர்ந்து வேலை போன பின்னும், இரண்டு மாத காலம் காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாகப் புறப்பட்டு, கோயில் மண்டபத்தில் தனியே அமர்ந்து தயிர்சாதத்தை உண்டுவிட்டு, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வருவாய் நின்றதைக் காட்டிலும், ‘நீர் யார்?’ என்று எவரேனும் கேட்டால் சொல்ல ஒரு விடையில்லை என்பதே அவரை அதிகமாக வாட்டியது.

பதவி போனால் மனிதனிடம் மிஞ்சுவது யாது? வடமொழியில் உத்யோகம் என்பதற்கு முயற்சி என்றே மூலப் பொருள். மகாபாரதத்தின் 18 பர்வங்களுள் 5-ஆவதாகிய உத்தியோக பர்வத்தில் எவரும் வேலைக்கு அமர்வதில்லை. ராஜ்யம் இழந்த பாண்டவர்கள் தூது அனுப்பியும் படை திரட்டியும் அதனை மீட்க முனைகிறார்கள். அதற்கு முந்திய விராட பர்வமோ, 12 ஆண்டு வனவாசம் முடித்து 1 ஆண்டு மறைந்து வாழ்ந்த அவர்கள், பெயரையும் கோலத்தையும் மாற்றிக்கொண்டார்களேயன்றித் தாம் அறிந்த வித்தையைக் கைவிடவில்லை என்று காட்டுகிறது: பீமன் மடைப்பள்ளியில் சமைத்தான், நகுலன் குதிரைகளைப் பேணினான், அர்ஜுனன் பிருகன்னளையாகி நாட்டியம் கற்பித்தான். அவனுடைய காண்டீபம் அந்த ஆண்டு முழுவதும் சுடுகாட்டருகே ஒரு வன்னி மரத்தில் கட்டுண்டு கிடந்தது. கௌரவர் ஆநிரை கவர வந்த நாளில், இளவரசன் உத்தரனை மரமேற்றி அதனை இறக்கச் செய்து நாணேற்றியபோது, கை தன் பழக்கத்தை மறந்திருக்கவில்லை.

இந்தச் சொல்லாராய்ச்சியைக் கேட்டு அரிசிக் கடைக்காரர் பாக்கியைத் தள்ளிவிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும், மனம் இழந்த நம்பிக்கையை மனமே உட்கார்ந்து யோசித்து மீட்டுக்கொள்வது அரிது. கைதான் அதை மனத்துக்குத் திருப்பித் தரவேண்டும்.

ஒருநாள் மண்டபத்துப் பூக்காரி அந்தக் கணக்கரிடம், “ஐயா, இந்தச் சீட்டுக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க” என்று கசங்கிய நோட்டொன்றை நீட்டினாளாம். கூட்டினார், இரண்டாம் பக்கத்தில், முன்பக்கத்து மீதி ஏறாமல் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். அன்று ஐந்தரை மணிக்குக் காத்திராமல் வீடு திரும்பி, மனைவியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேறிடத்தில் சம்பளம் கிடைக்க மேலும் பல மாதங்கள் ஆயின. உத்தியோகம் அன்றே கிடைத்துவிட்டது.