நாணயமும் மூன்று இலக்க எண்ணும்

நாணயம் என்றால் காசு. சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் தமிழில் அதுதான் பெயர். இந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே புழங்குவதால்தானோ என்னவோ, சிபில் ஸ்கோர் என்கிற எண்ணைப் பெண்கள் பலர் தங்கள் குணத்துக்குப் போட்ட மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 300 முதல் 900 வரை போகும் அந்த எண் எதை அளக்கிறது?

வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் நம் பெயரில் உள்ள கடன்கள், கிரெடிட் கார்டுகள், தவணை கட்டிய ஒழுங்கு, கார்டு வரம்பில் செலவழிக்கும் அளவு, புதுக் கடன் கேட்ட எண்ணிக்கை ஆகியவற்றைத்தான். சம்பளமும் சேமிப்பும் பீரோவில் உள்ள நகையும் அதில் சேராது. அடகுக்கடையில் கட்டிய வட்டியும் சேராது.

என் பெரியம்மா முப்பது வருடம் தெருவுக்கே சீட்டுப் பிடித்தவர். ஒருவருக்கும் ஒரு நாள் தாமதமாகப் பணம் கொடுத்ததில்லை. மாவு மில் வைக்க வங்கியில் கடன் கேட்டபோது, கடன் வரலாறே இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. "கடனே வாங்காதவளுக்குத்தானே மதிப்பு அதிகம் இருக்கணும்?" என்று கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். கடன் வாங்காதவருக்கு ஸ்கோர் உயர்வதில்லை, ஸ்கோரே இருப்பதில்லை.

கல்யாணமானால் கணவரின் நல்ல ஸ்கோர் நமக்கும் வரும் என்பது இன்னொரு நம்பிக்கை. தம்பதிக்கென்று ஒரு ஸ்கோர் கிடையாது. அவர் பெயரில் உள்ள வீட்டுக்கடனை நம் சம்பளத்தில் கட்டினாலும் பெருமை அவர் கணக்குக்குத்தான். ஆனால் கூட்டுக்கடனிலோ ஜாமீனிலோ நாம் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் தவறவிட்ட தவணை நம் அறிக்கையிலும் ஏறும். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று நீட்டப்படும் தாளில் சும்மா என்று எதுவும் இல்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் மனைவி பெயரில் வருகிறது. பணம் யார் கைக்குப் போனது, யார் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வாரத் தவணை கட்டினார் என்று எந்த அறிக்கையிலும் இருக்காது.

இதற்காக அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. நீ யார் வீட்டுப் பெண், என்ன சாதி, புருஷன் என்ன செய்கிறார் என்று கேட்டுக் கடன் கொடுக்கும் ஊர் வட்டிக்காரரை நாம் அறிவோம். ஸ்கோர் கணக்கு இவற்றைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் பெண்களிடம் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்தைத் தடுக்க 1974-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. பெண்ணின் பெயரில் தனியாக ஒரு கணக்கு என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் கேட்காமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு. சாதியையும் தாலியையும் கேட்காத அதே எண், வீட்டுக்குள் யார் உழைத்து யார் கடனை அடைத்தார் என்பதையும் பார்ப்பதில்லை. சொத்தும் கடனும் ஆண் பெயரில் இருக்கும் வீட்டில் பெண்ணின் நேர்மைக்குப் பதிவேடே இல்லை. எண் சொல்வது, கொடுத்த பணம் திரும்பி வருமா என்கிற வங்கியின் கணிப்பை மட்டும். அதை நம் குணச் சான்றிதழாக ஏற்று வெட்கப்பட வேண்டிய கடமை நமக்கில்லை.

கருவியாக மட்டும் அதைக் கையாளலாம். நாட்டில் உள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதுவும் ஒரு வீண் பயம். நமக்குத் தெரியாமல் நம் பெயரில் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடுத்த முறை கையெழுத்துக் கேட்டு வீட்டுக்குள்ளேயே தாள் நீட்டப்பட்டால், படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.