திரையிட்டுத் தரும் கம்பளி



குளிர்காலத்தில் வடமதுரைக்கும் பிருந்தாவனத்துக்கும் யாத்திரை செல்லும் கோஷ்டியார் சிலர், ஊரில் கம்பளியும் போர்வையும் திரட்டி எடுத்துச் சென்று அங்குள்ள ஏழைகளுக்கு வழங்குவதுண்டு. மார்கழி, தை மாதங்களில் யமுனைக் கரையைப் பனி மூடிக்கொள்கிறது. சில இரவுகளில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. கணவனை இழந்து, உறவினரும் கைவிட, கண்ணனே கதி என்று வந்து சேர்ந்த மூதாட்டிகள் அவ்வூரில் பலர். அவர்கள் நிலையை 2012-இல் உச்ச நீதிமன்றமே விசாரித்தது. 2018-இல் ஆயிரம் பேர் தங்கத்தக்க ‘கிருஷ்ண குடீர்’ என்னும் இல்லமும் திறக்கப்பட்டது. ஆயினும் தேவை தீர்ந்துவிடவில்லை. ஆகவே வஸ்திர தானம் சிறந்த தர்மம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதைச் செய்யும் முறை சிந்தனைக்குரியது. காலையில், ராஜா மான்சிங் 1590-இல் செம்மணற்கல்லால் எழுப்பிய கோவிந்ததேவர் ஆலயத்தைக் காண்கிறோம். பிறகு, 1851-இல் தென்னாட்டு முறையில் கட்டி முடிக்கப்பட்ட ரங்கஜீ மந்திரத்தில் ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் சேவிக்கிறோம். மாலையில் மூதாட்டிகளை வரிசையாக நிறுத்திப் போர்வை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அவ்வாறாயின் அவர்களும் அன்று நாம் கண்ட காட்சிகளுள் ஒன்றாகிவிடவில்லையா?

கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்து, தேசம், காலம், பாத்திரம் மூன்றும் அறிந்து, கைம்மாறு கருதாமல் கொடுப்பதைச் சாத்விகம் என்கிறது. மதிப்பின்றிக் கொடுப்பதைத் தாமசத்தில் சேர்க்கிறது. தைத்திரீயத்தின் சீக்ஷாவல்லியோ கொடுப்பவனுக்குச் சிரத்தையோடு நாணத்தையும் விதிக்கிறது. நாணம் வாங்குபவருக்கு உரியது என்று உலகம் எண்ணுகிறது. வேதம் அதைக் கொடுப்பவனுக்கு உரியதாக்குகிறது.

உடையவர் சித்தாந்தத்தில் சேதனர் அனைவரும் எம்பெருமானுக்குச் சரீரம். பத்ரிகாசிரமத்தில் குளிர்காலத்துக்காகத் திருக்கதவம் சாத்தும்போது, மானா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் தடவிப் பெருமாளுக்குச் சாற்றுகின்றனர். அந்தப் பெருமாளே அந்தர்யாமியாய் அம்மூதாட்டியின் நெஞ்சிலும் எழுந்தருளியிருக்கிறான். அர்ச்சைக்குச் செய்யும் உபசாரத்தில் ஒரு பங்கேனும் அவளுக்கும் உரியதன்றோ?

சந்நிதியில் பெருமாளுக்கு வஸ்திரம் களைந்து சாற்றும்போது திரையிடுகிறோம். எத்தனை பெரிய தனவந்தர் நின்றாலும் திரை விலகாது. வஸ்திரத்தை உபயம் செய்தவரும் வெளியிலேதான் நிற்பார். அந்தத் திரையை வஸ்திர தானத்துக்கும் இட வேண்டும் என்பதே அடியேன் விண்ணப்பம். இன்ன ஊரார் கொடுத்தது என்ற பலகை வேண்டா. கந்தலையும் சாயம் போனதையும் கழித்துவிடுவோம். துவைத்து மடித்த நல்லதையே கொண்டுசெல்வோம். என்ன தேவை என்று இல்லத்தாரை முன்கூட்டியே கேட்டு, குளிர் முற்றுமுன் கார்த்திகையிலேயே சேர்ப்பிப்போம். அவரவர் அறையிலேயே, அவரவர் கையிலேயே கிடைக்கட்டும்.

“படத்தைக் கண்டால் மேலும் பலர் கொடுப்பார்களே!” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. திரட்டிய போர்வைகளையும் வரவு செலவுக் கணக்கையும் தாராளமாகக் காட்டலாம். நம்பிக்கை வளர அவை போதும். குளிரில் நடுங்குபவளின் முகத்தை விளம்பரத்துக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை.

இன்னும் ஒன்று. போர்வை கொடுத்த மறுநாள், நடக்க இயலும் மூதாட்டிகளையும் விருப்பம் கேட்டு நம்மோடு அழைத்துச் செல்லலாம். பல ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்தச் சந்நிதிக்கு எந்த வேளையில் போக வேண்டும் என்பதை அவர்களே நமக்குச் சொல்லட்டும். நேற்றுவரை நம்மால் பார்க்கப்பட்டவர்கள் இன்று நம்முடன் நின்று பெருமாளைப் பார்ப்பார்கள். அப்போதுதான் கொடுத்தவர், பெற்றவர் என்ற பேதம் நீங்கி அனைவரும் ஒரே அடியார் குழாம் ஆவோம்.

இத்திருவிழாவில் புதுப் பட்டு உடுத்து எழுந்தருளும் எம்பெருமான் நம் அனைவருக்கும் அந்த மனத்தைத் தந்தருள்வானாக!