காணாத இடத்தில் காக்கும் அறம்

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்ற முனிவரின் வரலாறு வருகிறது. அசையாமல் நின்று தவம் செய்த அவரது சடைமுடியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. அவை வளர்ந்து பறந்து செல்லும் வரை அவர் அசையவில்லை. 'அறத்தை அடைந்துவிட்டேன்' என்று அவர் பெருமிதம் கொண்டபோது, காசியில் கடை வைத்திருக்கும் துலாதாரருக்கு அவர் இணையாகமாட்டார் என்று ஒரு குரல் ஒலித்தது. வியப்புடன் காசிக்குச் சென்ற முனிவருக்கு அந்த வணிகரே அறத்தை உபதேசித்தார். எல்லா உயிர்களிடத்தும் தமது துலாக்கோல் சமமாகவே நிற்கிறது என்பதுதான் அதன் சாரம்.

கடைவீதியில் வாழ்பவர் தவசிக்கு ஆசானானது எப்படி? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. தராசின் முள்ளை அவர் பார்க்கலாம். அரைத்த பொடியில் என்ன கலந்தது என்பதைப் பார்க்க முடியாது. அந்தக் காணாத இடத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது, அல்லது மடிகிறது.

இதற்கு நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 1924-இல் பெங்களூரில் பரம்பள்ளி யக்ஞநாராயண மையாவும் அவருடைய சகோதரர்களும் ஒரு சிறிய உணவகம் தொடங்கினார்கள். அதுவே பின்னர் 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்' எனப் புகழ்பெற்றது. 1951-இல் ஐரோப்பா சென்றுவந்த மையா, அங்கு கண்ட தூய்மையைத் தம் உணவகத்திலும் கொண்டுவந்தார். சாப்பிட வருவோர் சமையலறையைக் கண்ணால் காணும் வழக்கமும் அங்கு ஏற்பட்டது. காணாத இடம் காணும் இடமாயிற்று.

ஆனால் உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1975-இல் தொடங்கிய நெருக்கடி நிலைக் காலத்தில் உணவுப் பண்டங்களை மிகக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. அந்த விலையில் பழைய தரம் கட்டுப்படியாகாது. நெய்யைக் குறைத்து, மலிவான பொருளைச் சேர்த்துச் சமாளித்திருக்கலாம். அந்தக் குடும்பம் அதைச் செய்யாமல் உணவகத்தையே மூடியது. மாவு, பொடி வகைகளைத் தயாரித்து விற்கும் தொழிலை நாடியது. உணவகம் பின்னாளில் மீண்டும் திறந்தபோது மக்களும் திரும்பி வந்தார்கள்.

'நேர்மையாக இருந்தால் லாபம் வரும்' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் லாபத்துக்காகக் கைக்கொண்ட நேர்மை, நஷ்டம் வரும் நாளில் கைவிடப்படும். பலனைக் கருதாது கடமையைச் செய்க என்று கீதை கூறுவது துறவிக்கு மட்டுமன்று. கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கும்தான்.

குடும்பத் தொழிலுக்கு இதில் ஒரு பலமும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. கடையின் பெயர்ப் பலகையில் இருப்பது தாத்தாவின் பெயர்; பேரன் செய்யும் தவறு அவரையும் சாரும். இந்த எண்ணம் பலரை நேர்வழியில் நிறுத்துகிறது. இது பலம். ஆனால் தம்பி கொள்முதல் செய்த சரக்கு கெட்டது என்று தெரிந்தும், அவன் முகம் வாடக்கூடாதே என்று அதை விற்றுவிடும் அண்ணனும் உண்டு. இது ஆபத்து. பாசம் துலாக்கோலின் ஒரு தட்டில் ஏறிக்கொண்டால், முள் நேராக நிற்பது எங்ஙனம்?

சட்டம் ஓரளவு துணை செய்யும். தங்க நகைகளுக்கு 2000-இல் ஹால்மார்க் முத்திரை வந்தது. 2021 முதல் படிப்படியாக அது கட்டாயமாக்கப்பட்டது. முத்திரை பொன்னின் தரத்தைச் சொல்லும். வாங்க வந்த ஏழைத் தந்தையிடம், 'உங்கள் சக்திக்கு இது அதிகம். சிறியதாகவே எடுங்கள்' என்று சொல்வது முத்திரையின் வேலையன்று. அது மனத்தின் வேலை.

முன்னோர் ஈட்டிய செல்வத்தைப் பத்திரம் எழுதிப் பெறலாம். அவர்கள் ஈட்டிய நம்பிக்கையை அவ்வாறு பெற இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக ஈட்ட வேண்டும். எனவே இரவில் கணக்கை முடிக்கும் முன் ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்வோம்: 'எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தால், இந்தப் பொருளை இந்த விலைக்கு அவர் வாங்கியிருப்பாரா?'

'ஆம்' என்று மனம் கூசாமல் பதில் சொல்லுமானால், அன்றைய வணிகமே அன்றைய வழிபாடு.