வாங்கும் கை

கொடுப்பதன் தர்மத்தைப் பற்றி நம்மிடம் பேச்சுக்குக் குறைவில்லை. கையேந்திக் கேட்பவனின் அவமானத்தைப் பற்றியும் நிறையச் சொல்லியாயிற்று. கேட்காமலே எதிரில் வந்து நிற்கும் ஒன்றை வாங்கிக்கொள்கிறவன் விஷயம் வேறு. அவன் இரப்பவன் அல்ல, விருந்தாளியும் அல்ல. மறுத்தால் அகங்காரம், வாங்கினால் கடன் என்று இரண்டு பக்கமும் அவனுக்கு இடிக்கிறது. இந்தச் சங்கடத்தை ஒரு பிரதேசமே வழக்கமாக ஆக்கி வைத்திருக்கிறது என்பதால்தான் ஜப்பானின் ஷிகோக்கு தீவு யாத்திரையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூக்காய் (774–835) என்ற பௌத்தத் துறவியின் பெயரால், 88 கோயில்களைத் தொட்டுத் தீவைச் சுற்றி வரும் பாதை அது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். 1953இல் பஸ் யாத்திரை தொடங்கியது. இன்று பெரும்பாலோர் வண்டியில்தான் போகிறார்கள். நடப்பவனின் ஒரு நாள்தான் நமக்கு வேண்டியது. அதிலும், 23ஆம் கோயிலான யாகுஓஜிக்கும் முரோட்டோ முனையிலுள்ள 24ஆம் கோயிலுக்கும் நடுவில் வருகிற நாள். இடைவெளி 75 கிலோமீட்டர் போல. அந்த நடு நாளில் கோயில் கிடையாது, முத்திரை வாங்கும் வேலை கிடையாது. இடப்பக்கம் பசிபிக், காலடியில் தார், உரசிக்கொண்டு போகும் லாரிகள். பக்திக்கு வெளியிலிருந்து எந்த ஆதாரமும் கிடைக்காத நாள்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டு வாசலிலிருந்து கிழவி ஒருத்தி வந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கையில் வைத்துவிட்டுப் போவாள். ஒஸெத்தாய் என்று பெயர். பழம், தேநீர், சில்லறை, இரவு தங்க இடம், எதுவாகவும் இருக்கலாம். மறுக்கக் கூடாது என்பது வழக்கம். பதிலுக்கு நடப்பவன் தன் பெயரும் ஊரும் எழுதிய ஒரு சீட்டைக் கொடுக்கிறான். கார் ஒன்று நின்று, ‘ஏறிக்கொள்ளுங்கள்’ என்கும்போதுதான் சிக்கல். முழுக்க நடப்பதாகச் சங்கல்பம் செய்துகொண்டவன் என்ன செய்வது? ஏறினால் சங்கல்பம் போயிற்று. மறுத்தால், அவன் கும்பிடுவது தன் நடையைத்தான் என்றாகிறது. தலை குனிந்து, பணிவாக மறுத்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஏறிக்கொள்கிறவன் மேல்தான் மரியாதை. சங்கல்பம் அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து. அதையும் விட அவன் தயாராக இருக்கிறான்.

கிழவி கொடுத்தது அவனுக்கல்ல என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவன் தொப்பியில், இருவர் சேர்ந்து போகும் பயணம் இது என்ற பொருளில் எழுதியிருக்கிறது. இன்னொருவர் கூக்காய். கைத்தடியே அவர். இரவு விடுதிக்கு வந்ததும் தன் காலுக்கு முன்னால் தடியின் அடியைக் கழுவுகிறான். வெள்ளை உடை சவத்துக்கு உடுத்துவது. வழியில் செத்தால் அந்தத் தடிதான் கல்லறைக் குறி. ஆக, பழத்தை வாங்குவது ஏற்கனவே இறந்துபோன ஒருவனின் கை. கவுண்ட்டரில் உட்காரும் நாட்களில் என் கை வழியாகவும் பணம் போய்க்கொண்டிருக்கிறது, ஒன்றும் எனதல்ல. அந்தக் கைக்குக் கூச்சமும் இல்லை, நன்றிக் கடனும் இல்லை. யாத்திரிகனின் கையும் அப்படி ஆகிவிடுகிறது. (சீட்டிலும் தரவரிசை உண்டு. முதல் சுற்றுகளில் வெள்ளை. 50 சுற்று முடித்தவனுக்குத் தங்க நிறம். பேரேடு எங்கேயும் நுழைந்துவிடும்.)

யாத்திரையின் மூலக்கதையோ ஒரு மறுப்பில் தொடங்குகிறது. எமோன் சபுரோ என்ற பணக்காரன், பிச்சைக்கு வந்த துறவியை விரட்டித் திருவோட்டை உடைத்தான். அவனுடைய எட்டுப் பிள்ளைகளும் செத்தார்கள். வந்தவர் கூக்காய் என்று தெரிந்ததும் அவரைத் தேடி 20 முறை தீவைச் சுற்றினான். எதிர்த்திசையில் நடந்த 21ஆம் சுற்றில், சாகும் தறுவாயில் சந்தித்தான். இந்தக் கதை என்னை உறுத்துகிறது. மகானை அடையாளம் தெரிந்துகொள்ளாததுதான் அவன் குற்றம் என்றாகிவிடுகிறது. வந்தவன் வெறும் பிச்சைக்காரனாக இருந்திருந்தால்? கதை அதைக் கேட்பதில்லை.

சரித்திரம் கேட்டது. தொழுநோய் வந்து வீட்டை விட்டுப் போக நேர்ந்தவர்கள் இந்தப் பாதையில் வருஷக்கணக்கில் சுற்றினார்கள். வழியில் கிடைத்ததுதான் சோறு. வழியிலேயே செத்தவர்கள் பலர். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் மியாமோட்டோ சுனேஇச்சி, 1960இல் வெளியான ‘மறக்கப்பட்ட ஜப்பானியர்’ நூலில், ஷிகோக்கு மலைக்குள் அப்படி ஒரு கிழவியை எதிர்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஊர் வழியே போக முடியாத நோயாளிகள் தமக்கென்று தனிப் பாதைகளில் நடந்தார்கள் என்று தெரிய வருகிறது. அவர்களுக்கும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இல்லாமல் அத்தனை வருஷம் நடந்திருக்க முடியாது. ஆனால் இறந்தவன் என்ற பாவனையில் வருகிறவனுக்கு வாசலில் பழம், ஊராரால் நிஜமாகவே இறந்தவனாக எண்ணப்பட்டவனுக்குக் காட்டு வழி என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. முகம் பாராமல் கொடுப்பது உயர்ந்தது என்று சற்று முன் எனக்கும் ஒரு கவர்ச்சி இருந்தது. பார்க்கத் தேவையில்லாத முகம் என்பதால் அது சுலபமாக நடந்திருக்கலாம். பார்க்காமல் தப்ப முடியாத முகம் வந்தபோது, தொப்பியும் தடியும் கூக்காயும் போதவில்லை.

1907இல் சட்டம் வந்தது. முதலில் குறிவைக்கப்பட்டவர்கள் வீடின்றித் திரிந்த நோயாளிகள். யாத்திரைப் பாதைக்காரர்களும் அதில் அடக்கம். 1909இல் தகாமட்சு நகருக்கு எதிரே கடலிலுள்ள ஓஷிமா தீவில் காப்பகம் திறந்தார்கள். அங்கே 88 கோயில்களுக்குப் பதிலாக 88 கற்சிலைகள் நிறுத்தப்பட்டன. சுற்றி நடக்கலாம். தனிமைப்படுத்தும் சட்டம் 1996இல் நீங்கிய பிறகும் பலர் காப்பகங்களிலேயே இருந்துவிட்டார்கள். திரும்பிப் போக வீடு இல்லை. குடும்பத்துக்கு அவப்பெயர் வரக்கூடாதென்று உள்ளே வேறு பெயரில் வாழ்ந்தவர்கள் அனேகம். வழியில் ஒரு பழத்துக்குப் பதிலாகத் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.