சான்றிதழும் புண்ணியமும்

சித்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சாரண, சாரணியரைக் கவனித்துக்கொள்ளும் தமிழாசிரியை நான். ஜூனில் ஆள் சேர்ப்போம், ஆகஸ்டில் கொடியேற்றம், புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவம். வரிசையில் நிற்பவர்களுக்குப் பிள்ளைகள் தண்ணீர் கொடுப்பார்கள், கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்ட பாட்டிகளுக்கு வழி காட்டுவார்கள். மலையிறங்கித் திருப்பதிக்கு வரும்போது ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இந்தச் சேவைக்குச் சான்றிதழ் வாங்கிட்டா புண்ணியம் குறையுமா?"

அந்தக் கேள்வி எனக்கு இருவரை நினைவூட்டியது. மதனப்பள்ளியில் பிறந்த தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்மை மையமாக வைத்து 1911இல் தொடங்கப்பட்ட கிழக்கின் நட்சத்திரச் சங்கத்தை 1929இல் தாமே கலைத்தார். உண்மைக்கு அமைப்பு வழியாகாது என்பது அவர் முடிவு. அவரை வளர்த்த அன்னி பெசன்டோ 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனச் சாரணர் சங்கம் தொடங்கியவர்.

எனக்கு இருவரும் வேண்டும். பதின்மூன்று வயதில் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே அழைத்து வருவது சீருடையும் பதக்கமும்தான். ஆனால் தாகத்தோடு நிற்பவரிடம் தம்ளரை நீட்டும்போது பதக்கம் நினைவில் இருப்பதில்லை. அதையே வழிபாடு என்று நம்புகிறேன்.

"குறையாதும்மா, வாங்கிக்கோ" என்றேன். விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்வதற்காக மட்டும் பிள்ளையை மலைக்கு அனுப்பும் பெற்றோரோடுதான் எனக்கு இன்னும் வாக்குவாதம்.